ஜோசப் ஸ்டோரி

ஜோசப் ஸ்டோரி (செப்டம்பர் 18, 1779 – செப்டம்பர் 10, 1845) ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியும், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியரும், சட்ட நூலாசிரியரும் ஆவார். 1811 இல் தமது 32 ஆவது வயதில் உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அந்நீதிமன்றத்தின் வரலாற்றில் மிக இளம் வயதில் நியமனம் பெற்றவர் இவரே. இறக்கும் வரை சுமார் 33 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார்.

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதிகளுக்கு உள்நாட்டுச் சட்ட நூல்கள் மிகக் குறைவாக இருந்த காலத்தில் இவர் எழுதிய ஒன்பது விளக்கவுரைகளும், தமது பெயரை வெளியிடாமல் எழுதித் தந்த குறிப்புகளும் அவர்களுக்குக் கைந்நூல்களாகப் பயன்பட்டன. அமிஸ்டாட் கப்பலின் ஆப்பிரிக்கர்களை விடுவித்த தீர்ப்பை எழுதியவர் இவர். அதற்கு அடுத்த ஆண்டில், தப்பியோடிய அடிமைகளை மீட்டுச் செல்லும் உரிமையை உறுதி செய்த பிரிக் வழக்குத் தீர்ப்பை எழுதியவரும் இவரே ஆவார்.

பிறப்பும் கல்வியும்

ஸ்டோரி மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கடற்கரை ஊரான மார்பிள்ஹெட்டில் பிறந்தார். தந்தை எலிஷா ஸ்டோரி ஒரு மருத்துவர். 1773 இல் நடைபெற்ற பாஸ்டன் தேநீர் விருந்து எனப்படும் எதிர்ப்பு நிகழ்வில் பங்கேற்றவர். தாயார் மெஹிட்டபிள் பெட்ரிக், எலிஷாவின் இரண்டாம் மனைவி ஆவார். அத்திருமணத்தில் பிறந்த பதினொரு குழந்தைகளில் ஜோசப் மூத்தவர்.

உள்ளூர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியருடன் ஏற்பட்ட பிணக்கினால் பள்ளியை விட்டு விலகி, பெரும்பாலும் தாமே படித்து 1795 இல் ஹார்வர்ட் கல்லூரியில் சேர்ந்தார். 1798 இல் வகுப்பில் இரண்டாம் இடம் பெற்றுப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் சட்டக் கல்லூரிகள் பரவலாக இல்லை. சட்டம் பயில விரும்புவோர் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் சேர்ந்து நூல்களைப் படிப்பதே வழக்கம். ஸ்டோரியும் முதலில் மார்பிள்ஹெட்டில் சாமுவேல் சீவலிடமும், பின்னர் சேலம் நகரில் சாமுவேல் பட்னமிடமும் பயின்றார். (இது மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சேலம்.) 1801 இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார்.

இளமையில் இவருக்குக் கவிதையில் ஈடுபாடு இருந்தது. தனிமையின் ஆற்றலைப் பற்றிய நெடுங்கவிதை ஒன்றை 1804 இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் மேரி ஆலிவரை மணந்தார். 1805 ஜூனில் மனைவியும், அதே ஆண்டு ஆகஸ்டில் தந்தையும் இறந்தனர். இதன் பின்னர் ஸ்டோரி கவிதையை விட்டுச் சட்ட வேலையில் முழுமையாக மூழ்கினார். தமது கவிதை நூலின் படிகளைத் தேடி வாங்கி எரித்தார் எனக் கூறப்படுகிறது. 1808 இல் சாரா வெட்மோரை மணந்தார். இவர்களுக்குப் பிறந்த ஏழு குழந்தைகளில் இருவர் மட்டுமே வளர்ந்து பெரியவர்களாயினர்.

அரசியல்

சேலம் வட்டாரம் கூட்டாட்சிக் கட்சியின் கோட்டையாக இருந்தது. ஸ்டோரியோ தாமஸ் ஜெஃபர்சனின் சனநாயகக் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். 1805 முதல் மாசச்சூசெட்ஸ் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1808 டிசம்பர் முதல் 1809 மார்ச் வரை ஐக்கிய அமெரிக்கக் கீழவையில் குறுகிய காலம் பணியாற்றினார். 1811 இல் மாநிலச் சட்டமன்றத்தின் அவைத்தலைவர் ஆனார்.

வெளிநாட்டு வணிகத்துக்குத் தடை விதித்து ஜெஃபர்சன் அரசு 1807 இல் கொண்டு வந்த சட்டம், கடல் வணிகத்தை நம்பியிருந்த நியூ இங்கிலாந்துப் பகுதியைக் கடுமையாகப் பாதித்தது. அதை நீக்குவதற்கு ஸ்டோரி முன்னின்று பாடுபட்டார். ஜெஃபர்சன் இதை மறக்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் இடம் காலியானபோது ஸ்டோரியை நியமிக்க வேண்டாமென மேடிசனுக்கு எழுதினார்.

உச்ச நீதிமன்ற நியமனம்

1810 செப்டம்பரில் நீதிபதி வில்லியம் குஷிங் இறந்தார். குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மேடிசன் முதலில் தேர்ந்தெடுத்த லீவை லிங்கன் பதவியை ஏற்க மறுத்தார். அடுத்தவரான அலெக்சாண்டர் வுல்காட்டை மேலவை நிராகரித்தது. மூன்றாமவரான ஜான் குவின்சி ஆடம்ஸ் மேலவையின் ஒப்புதல் பெற்ற பின்னும் மறுத்துவிட்டார். நான்காவதாக 1811 நவம்பர் 15 இல் ஸ்டோரியின் பெயர் முன்மொழியப்பட்டு, நவம்பர் 18 இல் ஏற்கப்பட்டது.

தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். எனினும் ஸ்டோரி விரைவிலேயே அவருடைய நெருங்கிய நண்பராகவும், ஒத்த கருத்துடையவராகவும் ஆனார். மாநில நீதிமன்றங்கள் கூட்டாட்சிச் சட்டம் குறித்து அளிக்கும் தீர்ப்புகளை மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டா என்ற கேள்வி 1816 இல் மார்ட்டின் எதிர் ஹண்டர் வழக்கில் எழுந்தது. வழக்கிலிருந்த நிலத்தில் மார்ஷலுக்குத் தொடர்பு இருந்ததால் அவர் விலகிக்கொண்டார். அதிகாரம் உண்டு என்ற தீர்ப்பை ஸ்டோரி எழுதினார். அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்புகளுள் இது ஒன்றாகும்.

நூல்கள் இல்லாத நீதிமன்றங்கள்

ஸ்டோரியின் எழுத்துப்பணியைப் புரிந்துகொள்ள அக்காலத்துக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் நிலையை அறிவது தேவை. 1789 ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் மாவட்ட நீதிமன்றங்களையும் சுற்று நீதிமன்றங்களையும் அமைத்தது. சுற்று நீதிமன்றங்களுக்கெனத் தனி நீதிபதிகள் கிடையாது. உச்ச நீதிமன்ற நீதிபதி தமது சுற்றுக்குப் பயணம் செய்து, அவ்விடத்து மாவட்ட நீதிபதியுடன் அமர்ந்து வழக்குகளை விசாரிக்க வேண்டும். ஸ்டோரிக்கு நியூ ஹாம்ப்சயர், மாசச்சூசெட்ஸ், ரோட் தீவு ஆகியவை அடங்கிய முதலாம் சுற்று ஒதுக்கப்பட்டது. 1820 இல் தனி மாநிலமான மேய்ன் பின்னர் அதில் சேர்ந்தது.

இந்நீதிபதிகளுக்கு உதவியாளர்கள் இல்லை. உச்ச நீதிமன்றத்துக்கே சொந்த நூலகம் இல்லை. 1812 இல்தான் அதன் நீதிபதிகள் காங்கிரஸ் நூலகத்தைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது; அந்நூலகமும் 1814 இல் ஆங்கிலேயப் படை தலைநகரில் வைத்த தீயில் அழிந்தது. சட்டத்துக்கெனத் தனிப்பிரிவு அங்கு 1832 இல் ஏற்பட்டது. கிடைத்த சட்ட நூல்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் எழுதப்பட்டவை. அவற்றில் எப்பகுதி அமெரிக்காவுக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதை ஒவ்வொரு நீதிபதியும் தாமே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரே கேள்விக்கு இரு நகரங்களில் இரு விடைகள் கிடைப்பது இதனால் இயல்பாக நிகழ்ந்தது.

ஸ்டோரி இக்குறையை வழக்கறிஞராக இருந்தபோதே உணர்ந்திருந்தார். நீதிபதியாவதற்கு முன்பே மாற்றுச்சீட்டு, கப்பல் வணிகம் ஆகியவை பற்றிய ஆங்கிலேய நூல்களை அமெரிக்கத் தீர்ப்புகள் குறித்த குறிப்புகளைச் சேர்த்துப் பதிப்பித்தார்.

பெயர் குறிப்பிடாத குறிப்புகள்

1812 இல் இங்கிலாந்துடன் மூண்ட போர், கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குப் புதுவகை வழக்குகளைக் கொண்டுவந்தது. கடலில் பிடிக்கப்பட்ட எதிரிக் கப்பல்களும் சரக்குகளும் யாருக்குச் சேரும் என்பதை நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டும். சாட்சியம் எவ்வாறு பெறுவது, சரக்கை எப்போது விற்பது, நடுநிலை நாட்டவரின் கோரிக்கையை எவ்வாறு ஆராய்வது என்பன போன்றவற்றில் மாவட்ட நீதிபதிகள் பலருக்கு அனுபவம் இல்லை.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 1816 முதல் தொகுத்து வெளியிட்டவர் ஹென்றி வீட்டன். ஸ்டோரி அவருக்கு நெருங்கிய நண்பர். வாஷிங்டனில் இருவரும் ஒரே விடுதியில் தங்கினர். வீட்டனின் தொகுதிகளுக்குப் போர்க்கால கப்பற் பறிமுதல் முறைகள் உள்ளிட்ட பல பொருள்களில் விரிவான குறிப்புகளை ஸ்டோரி எழுதித் தந்தார். தமது பெயர் வெளிவரக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. தீர்ப்புத் தொகுதியை வாங்கிய நீதிபதி, அதே தொகுதியின் பின்னிணைப்பில் நடைமுறைக்கான வழிகாட்டியையும் பெற்றார். கப்பற் பறிமுதல் பற்றிய குறிப்புகள் 1854 இல் லண்டனில் தனி நூலாகவும் வெளிவந்தன.

பிரான்சிஸ் லீபர் பதிப்பித்த அமெரிக்கானா கலைக்களஞ்சியத்துக்கும் சட்டம் பற்றிய பல கட்டுரைகளை ஸ்டோரி இவ்வாறே பெயரின்றி எழுதினார்.

சட்டமியற்றலிலும் இவருடைய கை இருந்தது. நாடாளுமன்றம் குற்றமென அறிவிக்காத செயலைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தண்டிக்க முடியாது என 1812 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போதிருந்த குற்றச் சட்டத்திலோ இடைவெளிகள் மிகுதி. அவற்றை நிரப்பும் சட்டத்தின் வரைவை ஸ்டோரி எழுதினார். டேனியல் வெப்ஸ்டர் அதை நாடாளுமன்றத்தில் கொண்டுவர, 1825 இல் சட்டமானது.

தீர்ப்புகள் யாருக்குச் சொந்தம்?

வீட்டனுக்குப் பின் தொகுப்பாளரான ரிச்சர்ட் பீட்டர்ஸ், முந்தைய தொகுப்பாளர்களின் தொகுதிகளைச் சுருக்கிக் குறைந்த விலையில் வெளியிட்டார். தமது உழைப்பு பறிபோவதாகக் கருதிய வீட்டன் வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கே வந்தது. இரு தரப்பினரையும் அறிந்த ஸ்டோரி சமரசத்துக்கு முயன்றார்; பலனில்லை. நீதிமன்றத்தின் எழுத்துவடிவத் தீர்ப்புகளில் எந்தத் தொகுப்பாளருக்கும் பதிப்புரிமை இல்லை என 1834 இல் முடிவாயிற்று. ஸ்டோரி பெரும்பான்மையினருடன் நின்றார். வீட்டனுக்கு இது மனவருத்தத்தை ஏற்படுத்தியது. அமெரிக்காவில் தீர்ப்புகளை எவரும் அச்சிடலாம், தொகுக்கலாம், பரப்பலாம் என்ற நிலை இத்தீர்ப்பிலிருந்து தொடங்குகிறது.

பதிப்புரிமையில் ஸ்டோரியின் மற்றொரு தீர்ப்பும் குறிப்பிடத்தக்கது. ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்களை ஜாரெட் ஸ்பார்க்ஸ் பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்திருந்தார். சார்ல்ஸ் அப்பம் எழுதிய 866 பக்க வாழ்க்கை வரலாற்றில் 353 பக்கங்கள் அதிலிருந்து எடுக்கப்பட்டவை. 1841 இல் சுற்று நீதிமன்றத்தில் இவ்வழக்கை விசாரித்த ஸ்டோரி, இது உரிமை மீறல் எனத் தீர்த்தார். எடுத்தாண்டதன் நோக்கம், எடுத்த பகுதியின் அளவும் மதிப்பும், மூல நூலின் விற்பனைக்கு நேரும் பாதிப்பு ஆகியவற்றைக் கருத வேண்டும் என்றார். நியாயமான பயன்பாடு என இன்று அறியப்படும் கோட்பாட்டின் வேர் இத்தீர்ப்பில் உள்ளது. 1976 ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் அது இடம்பெற்றது.

ஹார்வர்டும் விளக்கவுரைகளும்

1817 இல் தொடங்கப்பட்ட ஹார்வர்ட் சட்டப்பள்ளி 1829 அளவில் மாணவர்களின்றி நலிந்திருந்தது. வழக்கறிஞர் நேத்தன் டேன் 10,000 டாலர் நன்கொடை அளித்து ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார். அதன் முதல் பேராசிரியராக ஸ்டோரி அமர வேண்டும் என்பது டேனின் விருப்பம். விரிவுரைகள் எழுதப்பட்டு நூலாக வெளிவர வேண்டும் என்பதும் அவருடைய திட்டத்தில் அடங்கும். ஸ்டோரி 1829 ஆகஸ்டில் பதவியேற்று, சேலத்திலிருந்து கேம்பிரிட்ஜ் நகருக்குக் குடிபெயர்ந்தார். நீதிபதிப் பதவியையும் விடவில்லை. தமது சொந்தச் சட்ட நூல்களைக் குறைந்த விலைக்குப் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்தார்.

இவரது காலத்தில் மாணவர் எண்ணிக்கை நூற்றுக்கு மேல் உயர்ந்தது. பல மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். பின்னாளில் மேலவை உறுப்பினரும் அடிமை முறையின் கடும் எதிர்ப்பாளருமான சார்ல்ஸ் சம்னர், குடியரசுத் தலைவரான ரதர்ஃபோர்ட் ஹேஸ் ஆகியோர் இவரிடம் பயின்றவர்கள்.

1832 முதல் 1845 வரையான பதின்மூன்று ஆண்டுகளில் ஒன்பது விளக்கவுரைகள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் ஒரு துறையை எடுத்துக்கொண்டு, ஆங்கிலேய, அமெரிக்கத் தீர்ப்புகளோடு உரோமைச் சட்டத்தையும் ஐரோப்பிய அறிஞர்களின் கருத்துகளையும் ஒப்பிட்டு, விதிகளை வரிசைப்படுத்தியது. அரசியலமைப்பு பற்றிய மூன்று தொகுதிகள் 1833 இல் மார்ஷலுக்குக் காணிக்கையாக்கப்பட்டன. கூட்டாட்சிச் சட்டங்களைத் தன் எல்லைக்குள் செல்லாதவையாக்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு எனத் தென் கரோலினா வாதிட்ட காலம் அது. அவ்வாதத்துக்கு எதிரான விரிவான மறுப்பாகவும் அந்நூல் அமைந்தது.

1834 இல் வெளிவந்த சட்ட முரண்பாடு பற்றிய நூல், வெவ்வேறு மாநிலங்களின் அல்லது நாடுகளின் சட்டங்கள் ஒரே வழக்கில் மோதும்போது எதைப் பின்பற்றுவது என்பதை ஆராய்வது. ஆங்கில மொழியில் இத்துறையை முறையாக வகுத்துரைத்த முதல் நூலாக இது கருதப்படுகிறது. இங்கிலாந்து நீதிமன்றங்களும் இதை மேற்கோள் காட்டின.

நூல்களின் விற்பனை பெருகியதால், ஸ்டோரியின் இறுதி ஆண்டுகளில் அவற்றின் வருவாய் ஆண்டுக்கு 4,500 டாலராக இருந்த நீதிபதிச் சம்பளத்தை விஞ்சியது.

ஸ்விஃப்ட் எதிர் டைசன்

மாநிலங்களின் சட்டங்களையே தீர்ப்பு விதியாகக் கொள்ள வேண்டும் என 1789 ஆம் ஆண்டின் சட்டம் கூட்டாட்சி நீதிபதிகளுக்குக் கூறியது. அங்குச் சட்டம் என்ற சொல்லில் மாநில நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் அடங்குமா என்பது கேள்வி. மாற்றுச்சீட்டு பற்றிய ஸ்விஃப்ட் எதிர் டைசன் வழக்கில் (1842), பொதுவான வணிகச் சட்டப் பொருள்களில் அவை அடங்கா என ஸ்டோரி தீர்ப்பளித்தார். கூட்டாட்சி நீதிபதிகள் வணிக உலகின் பொதுநெறிகளைத் தாமே ஆராய்ந்து முடிவு செய்யலாம் என்பது இதன் விளைவு. ஸ்டோரி எழுதியவை போன்ற விளக்கவுரைகளின் மதிப்பு இதனால் மேலும் உயர்ந்தது.

நாடு முழுவதற்கும் ஒரே வணிகச் சட்டம் உருவாகும் என ஸ்டோரி எதிர்பார்த்தார். மாறாக, ஒரே மாநிலத்தில் மாநில நீதிமன்றம் ஒரு விதியையும் கூட்டாட்சி நீதிமன்றம் வேறு விதியையும் பின்பற்றும் நிலை உருவானது. 1938 இல் ஈரி இரயில்பாதை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஸ்விஃப்ட் தீர்ப்பைக் கைவிட்டது. அதன் பின்னர் இத்தகைய வழக்குகளில் கூட்டாட்சி நீதிபதி முதலில் தேட வேண்டியது மாநிலத் தீர்ப்புகளையே என்றாயிற்று.

அடிமை முறை வழக்குகள்

ஸ்டோரி அடிமை வணிகத்தை வெளிப்படையாகக் கண்டித்தவர். 1822 இல் சுற்று நீதிமன்ற வழக்கொன்றில், அடிமை வணிகம் நாடுகளிடைச் சட்டத்துக்கே முரணானது எனத் தீர்த்தார்.

1839 இல் கியூபாவின் ஹவானாவிலிருந்து 53 ஆப்பிரிக்கர்களுடன் புறப்பட்ட அமிஸ்டாட் கப்பலில் கிளர்ச்சி வெடித்தது. ஆப்பிரிக்கர்கள் கப்பலைக் கைப்பற்றினர். பின்னர் அமெரிக்கக் கடற்படையிடம் பிடிபட்டனர். உச்ச நீதிமன்றத்தில் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அவர்களுக்காக வாதாடினார். 1841 மார்ச் 9 இல் ஸ்டோரி எழுதிய தீர்ப்பு, அவர்கள் சட்டத்துக்கு மாறாகக் கடத்தப்பட்ட சுதந்திர மனிதர்கள் என அறிவித்தது. உயிருடன் எஞ்சிய 35 பேர் ஆப்பிரிக்கா திரும்பினர்.

ஓராண்டு கழித்து வந்த பிரிக் எதிர் பென்சில்வேனியா வழக்கு மாறுபட்டது. மார்கரெட் மார்கன் என்ற பெண் மேரிலாந்திலிருந்து வந்து பென்சில்வேனியாவில் குடும்பத்துடன் வாழ்ந்து வந்தார். 1837 இல் எட்வர்ட் பிரிக்கும் வேறு சிலரும் அவரையும் அவருடைய குழந்தைகளையும் பிடித்து மேரிலாந்துக்குக் கொண்டுசென்றனர். 1826 ஆம் ஆண்டின் பென்சில்வேனியச் சட்டப்படி இது ஆட்கடத்தல். பிரிக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. தப்பிய அடிமைகளைத் திருப்பி அளிக்க வகைசெய்த 1793 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் செல்லும் எனவும், அதற்கு முரணான மாநிலச் சட்டம் செல்லாது எனவும் ஸ்டோரி எழுதினார். மார்கரெட் மார்கனுக்கும் குழந்தைகளுக்கும் இதனால் விடுதலை கிடைக்கவில்லை.

அதே தீர்ப்பில், இச்சட்டத்தை நிறைவேற்ற மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது எனவும் ஸ்டோரி கூறினார். இதைப் பற்றிக்கொண்ட மாசச்சூசெட்ஸ் 1843 இல் தன் அதிகாரிகள் இதில் உதவக் கூடாது எனச் சட்டம் இயற்றியது. இதனால் இத்தீர்ப்பு விடுதலைக்கே வெற்றி என்று ஸ்டோரியின் மகன் வாதிட்டார். ஆனால் தீர்ப்புக்குப் பின் மேலவை உறுப்பினர் ஜான் பெரியனுக்கு எழுதிய கடிதத்தில், அடிமைகளை மீட்கும் பணிக்குக் கூட்டாட்சி ஆணையர்களைப் பயன்படுத்தலாம் என ஸ்டோரி யோசனை கூறினார். 1850 ஆம் ஆண்டின் கடுமையான சட்டம் அத்தகைய ஆணையர்களையே பயன்படுத்தியது. இதைச் சுட்டிக்காட்டும் வரலாற்றாசிரியர்கள் மகனின் வாதத்தை ஏற்பதில்லை. அடிமை முறையை வெறுத்தபோதும், ஒன்றியத்தைக் காக்கும் ஒப்பந்தமாக அரசியலமைப்பை ஸ்டோரி கருதியதே இம்முரண்பாட்டின் காரணம் எனக் கூறுவர்.

இறுதிக்காலம்

1835 இல் மார்ஷல் மறைந்தார். அடுத்த ஆண்டு ராஜர் டானி தலைமை நீதிபதியானார். புதிய நீதிபதிகளின் போக்கு ஸ்டோரிக்கு உடன்பாடாக இல்லை. 1837 இல் சார்ல்ஸ் ஆற்றுப் பால வழக்கில் நீண்ட மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். 1845 இல் நீதிபதிப் பதவியை விட்டு விலகி, கற்பித்தலில் மட்டும் ஈடுபட முடிவு செய்தார். நிலுவையில் இருந்த சுற்று நீதிமன்ற வழக்குகளை முடித்த பின் விலக எண்ணியிருந்தபோது நோயுற்று, செப்டம்பர் 10 இல் கேம்பிரிட்ஜில் காலமானார். லீவை உட்பரி இவருடைய இடத்துக்கு வந்தார்.

ஸ்டோரியின் உடல் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1831 இல் பத்து வயது மகள் லூயிசாவை இழந்த சில மாதங்களில், அத்தோட்டத்தின் தொடக்க விழாவில் உரையாற்றியவர் இவரே. மகன் வில்லியம் வெட்மோர் ஸ்டோரி சட்டத்தை விட்டுச் சிற்பியானார்; தந்தையின் வாழ்க்கை வரலாற்றை 1851 இல் வெளியிட்டதுடன், அவருக்குச் சிலையும் வடித்தார்.

தாக்கம்

ஸ்டோரி தனியொருவராகச் செய்த பணி பின்னர் நிறுவனங்களிடம் சென்றது. 1967 டிசம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, கூட்டாட்சி நீதிபதிகளுக்கான ஆய்வுக்கும் பயிற்சிக்கும் கூட்டாட்சி நீதித்துறை மையம் உருவாக்கப்பட்டது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி டாம் கிளார்க் அதன் முதல் இயக்குநர். அறிவியல் சான்றுகளை மதிப்பிடுவதற்கான கையேட்டை அம்மையம் 1994 இல் வெளியிட்டது. இத்தகைய கையேடுகள் நீதிபதிகளைக் கட்டுப்படுத்துவதில்லை. ஸ்டோரியின் விளக்கவுரைகளும் சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தியவை அல்ல. பயன்பாட்டினால் மட்டுமே மதிப்புப் பெற்றவை.

விளக்கவுரைகள்

- பொருள் ஒப்படைப்பு (1832)
- ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பு, மூன்று தொகுதிகள் (1833)
- சட்ட முரண்பாடு (1834)
- நேர்மைநெறிச் சட்டம், இரண்டு தொகுதிகள் (1836)
- நேர்மைநெறி வழக்குரைகள் (1838)
- முகமை (1839)
- கூட்டாண்மை (1841)
- மாற்றுச்சீட்டுகள் (1843)
- கடனுறுதிச் சீட்டுகள் (1845)